செட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவில்

பதினொரு வருடங்களில் அவர் அவளிடம் சொன்னது மொத்தம் நான்கே சொற்கள். ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ என்று மூன்று. ‘செட்’ என்று ஒன்று. பிறகு ஒரு மௌனம். மௌனத்தின் முடிவில் துப்பாக்கி. அது வெடித்த கணத்திலேயே அவர் அவளுக்குப் பின்னால் போய்விடுவார். ஓடுகிறவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்றுதான் ரெக்சலின் அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள். சென்னையில் தடகள விசாரணைக் குழுவின் அலுவலகம், இரண்டாம் மாடித் தாழ்வாரம். வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் அணைந்தபெருமாள். வெள்ளை அரைக்கைச் சட்டை. மடியில் ரெக்சின் பை. கோவில்பட்டிப் பக்கம் ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதும், முப்பத்தொரு வருடம் மாநிலத்தின் பெரிய போட்டிகளில் எல்லாம் ஓட்டங்களைத் துவக்கிவைத்த ஸ்டார்ட்டர் என்பதும், ஓடுகிற பெண்கள் சொல்லும் ஓரிரு கதைகளும்தான் அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தவை.

“வணக்கம் சார்,” என்றாள்.

அவர் தலையசைத்தார். யாரென்று அடையாளம் தெரிந்த அசைவாக அது இல்லை. முதுகுகளையும் குதிகால்களையும் மட்டும் பார்த்துப் பழகிய மனிதர்.

இரண்டு நாற்காலி தள்ளி அவள் உட்கார்ந்தாள். பையிலிருந்த கடிதத்தை எடுக்கவில்லை. மூன்று வாரமாகப் படித்துப் படித்து அது மனப்பாடம்.

கடிதம் சொன்னது இதுதான். ஒன்பது வருடங்களுக்கு முன், 2038இல், நூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் வைத்த தேசியச் சாதனை 10.91 நொடி. பதினொரு நொடிக்குள் ஓடிய ஒரே இந்தியப் பெண். அந்தக் காலத்திலேயே ஓடுகிறவர்களின் கெண்டைக்காலில் ஒரு பட்டை கட்டுவார்கள். தசை கிழிந்தால் காரணம் கண்டுபிடிக்க. ஸ்டார்ட்டரின் விரலிலும் ஒன்று உண்டு, துப்பாக்கி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. பட்டைகள் பதிந்து வைத்ததை யாரும் தொடாமல் எங்கோ சேமித்து வைத்திருந்தார்கள். இப்போது அதைப் படிக்கக் கருவி வந்துவிட்டது. கால் அசைவதற்கு முன்னால், அசையலாம் என்று நரம்பு முடிவெடுக்கிற கணத்தை அது காட்டும். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மைதானங்களில் ‘நெனப்பு மீட்டர்’ என்பார்கள்.

புதிய விதி ஒரே வரி. ஓட முடிவெடுத்தது துப்பாக்கிக்கு முன் என்றால் அந்த ஓட்டம் செல்லாது. பழைய சாதனைகளுக்கும் பொருந்தும்.

ரெக்சலினின் கால், துப்பாக்கி வெடித்து நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்துத்தான் அசைந்தது. பழைய விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் முடிவு? துப்பாக்கிக்கு முன்னால், நொடியில் நூறில் ஐந்து பங்கு.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக.

குழுவின் தலைவர் வரதராஜுலு ஓய்வுபெற்ற நீதிபதி. குரலை உயர்த்தாமலேயே எதிரில் இருப்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கத் தெரிந்தவர். மேசையின் ஓரத்தில், கணினிக்குப் பின்னால், மீட்டரைப் படிக்கிற தொழில்நுட்ப அலுவலர் ஹஃப்ஸா. முப்பது வயதுக்குள் இருக்கும். ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை.

“பாருங்கம்மா,” என்றார் நீதிபதி. “உங்க கால் முடிவெடுத்தது துப்பாக்கிக்கு முன்னாலயா, பின்னாலயா? மீட்டர் அதை மட்டும்தான் சொல்லும். முன்னாலன்னு சொல்லிடுச்சு. ஏன் முன்னாலன்னு அதுக்குத் தெரியாது. அத நீங்கதான் சொல்லணும்.”

நீதிபதி இரண்டு விரலை நீட்டினார்.

“ரெண்டு வழி இருக்கு. நீங்களா ஏதோ தந்திரம் பண்ணித் துப்பாக்கிய முந்தியிருக்கீங்க. அப்படின்னா குற்றம் உங்களோடது. சாதனை போயிடும், கோச்சிங் லைசென்ஸும் போயிடும். இல்லேன்னா ஸ்டார்ட்டர்கிட்டயிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கு, உங்களுக்கே தெரியாம உங்க உடம்பு அத எடுத்துக்கிட்டிருக்கு. அப்படின்னா உங்க மேல தப்பில்ல. சாதனை நிக்கும். அவரத்தான் விசாரிக்கணும்.” கண்ணாடியைக் கழற்றினார். “உங்களோட சிறந்த ஏழு ஓட்டத்துலயும் ஸ்டார்ட்டர் இவர்தான். வேற ஆள் துப்பாக்கி பிடிச்ச ஓட்டங்கள்ல உங்க முடிவு பின்னாலதான் வந்திருக்கு. இது எனக்கு என்னமோ சொல்லுது.”

அணைந்தபெருமாள் தொண்டையைச் செருமினார். “ஐயா, நான் சிக்னல் குடுத்தேன்னு சொல்லுதீங்களா, குடுத்தேனான்னு கேக்குதீங்களா?”

“கேக்கறேன்.”

“அப்ப சரி. குடுக்கல.”

“இவங்கள உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?”

“தெரியாதுங்க. இந்தக் கடுதாசி வந்தப்பதான் பேரு தெரியும். ஓடுற பிள்ளைகள் லிஸ்ட்டை நான் வாங்கிப் படிக்கிறதில்ல. பேரு தெரிஞ்சா கை அந்தப் பக்கமா சாஞ்சிரும். லேன் நம்பர் போதும். மெடல் குடுக்கதுக்கு முன்னால கிளம்பி பஸ் ஏறிருவேன்.”

“சாதனை நடந்த அன்னிக்குமா?”

“மறுநா பேப்பர்ல பாத்தேன். பேரு மனசுல நிக்கல. அஞ்சாம் லேன்ல நின்ன பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்.”

நீதிபதி ஒரு தாளை ரெக்சலின் பக்கம் நகர்த்தினார். ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது. ‘ஸ்டார்ட்டரிடமிருந்து வந்த ஒரு குறிப்பை நான் அறியாமல் பயன்படுத்தியிருக்கலாம் எனக் கருதுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“அடுத்த வருஷம் நம்ம நாட்டுல நடக்கப்போற போட்டிக்கு உங்க முகத்தத்தான் போஸ்டர்ல போட்டிருக்காங்க,” என்றார் மெதுவாக. “நான் கட்டாயப்படுத்தல. பத்து நிமிஷம் வெளிய போய் யோசிச்சிட்டு வாங்க.”

அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

‘கருதுகிறேன்.’ ஒரே ஒரு பொய். அதுகூட முழுப் பொய்யாக இல்லை, ‘இருக்கலாம்’ என்று ஓரம் மடித்த பொய். தூத்துக்குடியில் அவளிடம் நாற்பத்திரண்டு பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்கள் பனியன் முதுகில் 10.91 என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் போகாத இடம் இல்லை. அவள் போய்ச் சேருவதற்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருக்கும். பெரியதாழையிலிருந்து வந்த கடற்கரைப் பெண்ணுக்கு மாவட்ட ஆட்சியர் எழுந்து நின்றது அந்த எண்ணுக்காகத்தான்.

ஆனால் ஏன் முன்னால் என்ற கேள்விக்கு விடை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும். பயிற்சியாளருக்குச் சொன்னதில்லை, கணவனுக்குச் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னதில்லை.

பதினாறு வயதில், திருச்சியில் ஒரு ஜூனியர் போட்டி. துவக்கத்தில் கால் ஊன்றுகிற அவளுடைய பிளாக்கில் ஆணி தளர்ந்திருந்தது. ‘செட்’ சொன்ன பிறகும் இடது குதிகால் வழுக்கிக்கொண்டே இருந்தது. மற்ற ஏழு பேரும் கல்லாகிவிட்டார்கள். அவள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் குதிகாலை நிறுத்தினாள். நிறுத்திய உடனே துப்பாக்கி வெடித்தது.

அப்போதுதான் புரிந்தது. எட்டுப் பேரும் அசைவற்று நிற்காமல் இந்த மனிதர் சுடமாட்டார். மற்ற ஸ்டார்ட்டர்கள் சலித்துப்போய்ச் சுட்டுவிடுவார்கள், அல்லது எழுந்திருக்கச் சொல்வார்கள். இவர் காத்திருப்பார். அத்தனை நேர்மை. அப்படியானால் கடைசியாக அடங்குகிறவளின் கையில்தான் துப்பாக்கி இருக்கிறது.

அன்றிலிருந்து அவர் துவக்கிய ஒவ்வொரு ஓட்டத்திலும் அவள் கடைசியாகத்தான் அடங்கினாள். இடது குதிகாலில் ஒரு சின்ன நடுக்கம். யார் பார்த்தாலும் பதற்றம் என்றுதான் நினைப்பார்கள். நடுக்கத்தை நிறுத்துவாள். நிறுத்தியதும் கிளம்ப முடிவெடுப்பாள். துப்பாக்கி அவளுக்குக் கீழ்ப்படிந்ததுபோல வெடிக்கும்.

சாதனை ஓட்டத்திலும் அப்படித்தான்.

குழாயை மூடினாள். வெளியே அவர் அதே நாற்காலியில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எலுமிச்சைச் சோறு. விசாரணைக்கென்று காலையிலேயே வலது கை ஆட்காட்டி விரலில் பட்டை கட்டிவிட்டிருந்தார்கள். அந்த விரலைச் சோற்றில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார், காயம் பட்ட விரலைப்போல.

அவள் நேராக உள்ளே போனாள். அவரையும் கூப்பிடச் சொன்னாள்.

“சார், இவர் எனக்கு ஒன்னும் குடுக்கல,” என்றாள். “நாந்தான் எடுத்துக்கிட்டேன்.”

குதிகால் கதையை முழுக்கச் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதி நீண்ட நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. அணைந்தபெருமாள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதோரம் ஒரு நரம்பு மட்டும் புடைத்து அடங்கியது.

“வெறும் வார்த்தைய வெச்சு நான் எழுத முடியாது,” என்றார் நீதிபதி. “செஞ்சு காட்டுங்க. இன்னிக்கே.”

கட்டிடத்தின் பின்னால் ஒரு பயிற்சி ஓடுதளம். சித்திரை மாத உச்சி வெயில். செந்நிறத் தளத்திலிருந்து ரப்பர் வாடை எழுந்தது. ரெக்சலின் ஒரு பயிற்சி மாணவியின் ஸ்பைக்ஸை இரவல் வாங்கிப் போட்டாள். முப்பத்துநான்கு வயது, வலது முழங்காலில் அறுவை நடந்த தழும்பு. ஹஃப்ஸா கெண்டைக்காலில் பட்டையைச் சுற்றினாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன.

“இறுக்கமா இருக்கா மேடம்?”

“பரவாயில்ல.”

முதல் துவக்கம் இயந்திரத்தின் குரலில். குதிகாலை ஆட்டினாள், நிறுத்தினாள். இயந்திரம் அதைப் பொருட்படுத்தவில்லை. தனக்குத் தோன்றியபோது வெடித்தது. அவள் முடிவு துப்பாக்கிக்குப் பின்னால் வந்தது, எல்லோருக்கும் வருவதைப்போல.

“அடுத்தது சாருது,” என்றாள் ஹஃப்ஸா.

அணைந்தபெருமாள் துப்பாக்கியை வாங்கிச் சரிபார்த்தார். ஓடுதளத்தின் உள்பக்கம், பத்தடி தள்ளி, தன் இடத்தில் போய் நின்றார். கழுத்தில் ஒலிவாங்கி. அவர் குரல் பிளாக்குக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியில் வந்தது.

“ஆன் யுவர் மார்க்ஸ்.”

அவள் மண்டியிட்டாள். கைவிரல்கள் கோட்டுக்குப் பின்னால். எழுதப்பட்ட நியாயம், எழுதப்படாத நியாயம், நாற்பத்திரண்டு பனியன்கள், எல்லாம் தலைக்குள் ஒருசேரக் கத்தின. இப்போதுகூடக் குதிகாலை ஆட்டாமல் இருந்துவிடலாம். செய்துகாட்டியது பலிக்கவில்லை என்றால் நீதிபதி அந்தத் தாளை மறுபடி நகர்த்துவார்.

“செட்.”

இடுப்பு உயர்ந்தது. பழைய மௌனம். எட்டு வருடமாக அவள் உள்ளே நுழையாத அறை, ஆனால் பொருட்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. குதிகால் தானாகவே நடுங்கத் தொடங்கியது. பக்கத்து லேன்களில் யாரும் இல்லை. வெயில் மட்டும். அவர் காத்திருந்தார். தான் பொறியில் சிக்கிய விதத்தைக் காட்டச் சொல்லி இழுத்துவரப்பட்ட மனிதர், அதே பொறிக்குள் மறுபடி கையை விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

குதிகாலை நிறுத்தினாள். முடிவெடுத்தாள். துப்பாக்கி வெடித்தது.

பத்து மீட்டரில் நின்று திரும்பினாள். ஹஃப்ஸா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முன்னால,” என்றாள். “நூறில் அஞ்சு. அன்னிக்கு மாதிரியே.”

அணைந்தபெருமாள் துப்பாக்கியிலிருந்த காலித் தோட்டாவை எடுத்தார், துப்பாக்கியை நீதிபதியிடம் கொடுத்தார், யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார்.

குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் படிவத்தில் ரெக்சலின் கையெழுத்துப் போட்டபோது மணி இரண்டு. நான்கு மணிவரை அதைத் திரும்பப் பெறலாம், நான்கு மணிக்கு ஆணை வெளியாகும் என்றார்கள். வீராங்கனையே ஏற்றுக்கொண்டதால் ஸ்டார்ட்டரின் விரல் பதிவைப் படிக்கத் தேவையில்லை, அது மூடி முத்திரையிடப்படும் என்றும் ஒரு வரி இருந்தது. அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. அவரை இனி யாரும் நோண்ட மாட்டார்கள்.

இரண்டரை மணிக்கு ஹஃப்ஸா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை.

“நான் பண்ணக்கூடாதத பண்ணிட்டேன் மேடம்.”

“என்ன?”

“விரல் பதிவ படிச்சிட்டேன். இன்னிக்குள்ளத. அப்புறம் பழசயும்.”

“எதுக்கு?”

“ஒரு கணக்கு இடிச்சது. நீங்க குதிகால நிறுத்தினதுக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல இருக்கிறது ரொம்பக் கொஞ்சம் நேரம். ஒரு மனுஷன் உங்க கால் நின்னதப் பாத்து, சரி சுடலாம்னு நெனச்சு, விரல அழுத்தணும்னா அதவிட ஜாஸ்தி ஆகும். அதுவும் அந்த வயசுல. நடக்காத காரியம்.”

ரெக்சலினுக்குப் புரியவில்லை. ஹஃப்ஸா திரையைத் திருப்பினாள். இரண்டு கோடுகள். மேலே இருப்பது விரல், கீழே இருப்பது கால்.

“மேல பாருங்க. அவர் சுடணும்னு முடிவெடுத்தது இங்க. உங்க குதிகால் நின்னது இங்க. அவர்தான் முதல்ல.”

“குதிகால் நின்ன பொறவுதான சுடுவாரு.”

“இல்ல மேடம். அவர் முடிவெடுத்த பொறகுதான் உங்க குதிகால் நிக்குது. எல்லா ஓட்டத்துலயும். நீங்க நிறுத்தல. அவரப் பாத்து அது நிக்குது.”

“நான் அவரப் பாக்கவே முடியாதே. தல கீழ இருக்கும்.”

“கேட்டிருக்கீங்க.” ஹஃப்ஸா ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கியின் பதிவு. ‘செட்’. பிறகு இரைச்சல். பிறகு மிகச் சிறியதாக, துணி உரசுவதைப்போல ஒரு மூச்சு. உடனே வெடி. “மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். சுடணும்னு தோணினதும் விட்டுடறார். ‘செட்’ சொன்னதும் ஸ்டார்ட்டர் மைக்க அணைக்கணும், அதான் முறை. இவர் ஒருநாளும் அணைச்சதில்ல.”

ஏன் என்று ரெக்சலினுக்குத் தெரியும். ஓடுகிற பெண்களிடையே உலவுகிற பழைய கதை. பாளையங்கோட்டையில் ஒருமுறை அவர் மைக்கை அணைத்த சத்தத்தையே துப்பாக்கி என்று நினைத்து ஒரு பெண் கிளம்பிவிட்டாளாம். அவளை வெளியேற்ற வேண்டியதாயிற்றாம். அதற்குப் பிறகு ‘செட்’ சொன்னால் அவர் விசையைத் தொடுவதே இல்லையாம்.

“எட்டுப் பேருக்கும் அந்த மூச்சு கேட்டிருக்கும்,” என்றாள் ஹஃப்ஸா. “உங்க உடம்பு மட்டும் அத பழகிடுச்சு. பதினாறு வயசுலேர்ந்து. உங்களுக்கே தெரியாம. தந்திரம் உங்களோடதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்க.”

ரெக்சலின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கழிப்பறையில் அவள் பொய் என்று ஒதுக்கிய வரி. ஸ்டார்ட்டரிடமிருந்து வந்த குறிப்பு. அறியாமல். அதுதான் உண்மை. மூன்று வாரமாக, அதற்கு முன்னால் பதினெட்டு வருடமாக, அவள் சுமந்த குற்றம் நடக்கவே இல்லை.

“நாலு மணிக்குள்ள கையெழுத்த வாபஸ் வாங்குங்க,” என்றாள் ஹஃப்ஸா. “விரல் பதிவத் தெறக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. நான் முறைப்படி படிப்பேன். உங்க சாதனை அப்படியே நிக்கும்.”

“அவருக்கு?”

ஹஃப்ஸா திரையின் மேல் கோட்டில் விரலை வைத்தாள். “அவர் துவக்கின ஓட்டம் எல்லாத்தையும் தெறப்பாங்க. பட்டை வந்த பொறகு மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. மூச்ச யார் யார் எடுத்துக்கிட்டாங்கன்னு ஒவ்வொன்னாத் தேடுவாங்க. அந்த சர்டிஃபிகேட்ட வெச்சு வேலைக்குப் போனவங்க, காலேஜ் சேந்தவங்க...” நிறுத்தினாள். “எங்க அண்ணன் பஸ் ஓட்டுறார் மேடம். போன மாசம் ஒரு ஸ்கூட்டர் குறுக்க வந்துடுச்சு. பிரேக் போட்டுட்டார், யாருக்கும் ஒன்னும் ஆகல. ஆனா டிரைவருக்குக் கட்டற கால்பட்டையில பாத்தா, நெனப்பு லேட்டா வந்ததாம். சஸ்பெண்ட். நெனச்சது லேட்டுன்னு ஒரு மனுஷன் எப்படி பதில் சொல்லுவான்? அந்த மிஷின்தான் எனக்குச் சோறு போடுது. அதனால நான் ஒன்னும் சொல்ல முடியாது.”

ரெக்சலின் திரையைப் பார்த்தாள். மேல் கோடு, கீழ்க் கோடு.

“குதிகால நிறுத்தி அவர ஏமாத்தணும்னு நான் நெனச்சேன்,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் நெனச்சேன்.”

“நெனச்சீங்க. நடக்கல.”

“உங்க மிஷின் நெனப்பத்தான படிக்குது? நெனப்பு என்னோடதுதான்.”

ஹஃப்ஸா திரையை மெல்லப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவைத்தாள்.

தாழ்வாரத்தில் அவர் இருந்தார். ஆணை வரும்வரை யாரும் கிளம்பக்கூடாது. சாப்பாட்டு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார். ரெக்சலின் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி.

அவர்தான் முதலில் பேசினார். அவளைப் பார்க்காமல்.

“எந்த ஓட்டத்துல ஆரம்பிச்ச?”

“திருச்சியில சார். ஜூனியர் மீட். ரெண்டாவது ஹீட்.”

“மழை பேஞ்சு நின்ன அன்னைக்கா?”

“ஆமா.”

அவர் அந்த நாளைத் தேடிப் பிடிப்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். “எல்லாரும் அடங்கட்டும் அடங்கட்டும்னு நிப்பேன். கை வலிக்கும். கூட இருக்கிற வாத்தியாருக எல்லாம் சிரிப்பாங்க. என்ன பெருமாளு, முட்டைக்கு அட காக்கியான்னு. ஒரு பிள்ளைக்கும் கொறஞ்சிரக்கூடாதுன்னுதான் நின்னேன். நீ அதத்தான் பிடிச்சிருக்க.”

“சார்...”

“அந்த ஹீட்ல எத்தனை பேரு?”

“எட்டு.”

“மத்த ஏழு பேருக்கு நான் இப்ப என்ன சொல்ல?”

அவள் வாய் திறந்தது. ஒரே ஒரு வாக்கியம். ‘நான் உங்கள ஏமாத்தவே இல்ல சார், உங்க மூச்சுதான்.’ சொன்னால் அவர் முகத்திலிருக்கும் அந்தக் கசப்பு இறங்கிவிடும். அதே நொடியில் வேறொன்று ஏறும். முப்பத்தொரு வருடமும் தன் மார்பிலிருந்தே கசிந்துகொண்டிருந்தது என்று அறிந்த முகம். அதை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. அதற்கு மேல் கற்பனை செய்ய விரும்பவில்லை.

“மன்னிச்சிருங்க சார்.”

“என்கிட்ட எதுக்கு கேக்க? எனக்கு என்ன நட்டம்?” முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் கிளம்பிவிட்டவளுக்குச் சிவப்பு அட்டை காட்டுகிறபோது இருக்கிற முகம், அவ்வளவுதான். “நீ ஓடத் தெரிஞ்ச பிள்ளம்மா. இது இல்லாமலே ஓடியிருப்ப. அதான் எனக்கு ஆறல.”

அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். மூன்று இருபது.

“நீ அந்தப் பக்கம் போய் உக்காரு,” என்றார்.

எழுந்து, எதிர்ச்சுவரோரம் இருந்த நாற்காலிக்குப் போனாள். இருவருக்கும் நடுவில் எட்டு அடித் தரை. ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். அவர் வாங்கிக்கொண்டார். அவள் வேண்டாம் என்றாள். மூன்றரை. ஹஃப்ஸாவின் அறைக் கதவு ஒருமுறை திறந்தது. அவள் வெளியே வந்து ரெக்சலினைப் பார்த்தாள். ரெக்சலின் தலையை அசைக்கவும் இல்லை, கண்ணை விலக்கவும் இல்லை. கதவு மறுபடி மூடியது. மூன்று நாற்பத்தைந்து. கால்கள் எழுந்து ஓடத் துடித்தன. கால்களை நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டாள். எதிரில் அவர் காலித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

நான்கு மணிக்கு அலுவலக உதவியாளர் இரண்டு உறைகளுடன் வந்தார். முதல் உறை அவருக்கு. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்தார். ‘ஸ்டார்ட்டர் மீது எந்தக் குறையும் இல்லை. அவரது பதிவுகள் நிரந்தரமாக மூடப்படுகின்றன.’ முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தாளை நான்காக மடித்து உள்பையில் வைத்து, பட்டனைப் போட்டு, மேலே ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவளைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். அவர் நெருங்கியபோது ரெக்சலின் எழுந்து நின்றாள். அவர் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, நிதானமாக இறங்கினார்.

தன் பெயர் எழுதிய உறையைப் பிரிக்காமல் கையில் வைத்தபடி, அவர் இறங்கி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.